மாத்திரையைத் தரும் கை எச்சரிக்கையையும் தரட்டும்

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

குயினோலோன் வகை ஆன்டிபயாடிக்குகளைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. இவற்றால் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், அறுந்துபோகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கறுப்புக் கட்டமிட்டு எச்சரிக்கச் சொன்னது 2008இல். சைனஸ் தொற்று, மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு வேறு வழி இருக்கும்போது இதைத் தரவேண்டாம் என்று 2016இல் அதே அமைப்பு சொன்னது. 2024 ஜனவரியில் பிரிட்டன் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கியது. உங்களுக்கு இவை பழைய செய்திகள். என் அப்பாவின் காதுக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை.

அவருக்கு வயது 71. ஆஸ்துமாவுக்காகப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டுவருகிறவர். இருமல் அதிகமானபோது மூச்சுக்குழாய் அழற்சி என்று சொல்லி, இதே குயினோலோன் வகையான லெவோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டிய வயதும் உடன் எடுக்கும் ஸ்டீராய்டும் தசைநாண் அறும் அபாயத்தைக் கூட்டும் என்று அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது. ஸ்டீராய்டின் பெயரோ அதே சீட்டில் இரண்டு வரி மேலே இருந்தது.

நான்காம் நாள் காலை மாடிப்படி ஏறினார். மூன்றாவது படியில் ‘பட்’டென்று ஒரு சத்தம். யாரோ பின்னாலிருந்து காலில் உதைத்துவிட்டதாக எண்ணித் திரும்பிப் பார்த்திருக்கிறார், யாரும் இல்லை. முந்தைய நாளே குதிகாலுக்கு மேல் வலிக்கிறது என்று சொன்னார். வயதானால் வராதா என்று நான்தான் களிம்பு தேய்த்துவிட்டேன், அடுத்த மாத்திரையையும் எடுத்துக்கொடுத்தேன். வலி தொடங்கினால் உடனே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எலும்பு மருத்துவர் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். வலது பாதம் அசைந்தது. இடது பாதம் மரக்கட்டைபோலக் கிடந்தது. குதிகால் தசைநாண் அறுந்திருந்தது.

எல்லாம் உள்ளே இருக்கும் தாளில் அச்சாகியிருக்கிறதே என்பீர்கள். அட்டையைக் கத்தரித்து ஐந்து மாத்திரைகளைக் கொடுத்தார்கள். தாள் பெட்டியோடு அங்கேயே தங்கிவிட்டது. பிறகு தேடி வாங்கிப் படித்தேன்: எறும்பு வரிசைபோல எழுத்து, மருத்துவருக்கு மட்டும் புரியும் சொற்கள். மாத்திரையைத் தரும் கை எச்சரிக்கையையும் தர வேண்டும், நோயாளி படிக்கும் மொழியில், அவர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில். நான் கேட்பது இதைத்தான்.

இன்னொன்றும் அந்தத் தாளில்தான் தெரிந்துகொண்டேன். வயிறு எரிகிறது என்று அப்பா மாத்திரையோடு சேர்த்தே ஆன்டாசிட் என்ற அமில முறிவு மருந்தைக் குடித்துவந்தார். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்சவிடாமல் செய்துவிடும். இரும்பு, துத்தநாக மாத்திரைகளும் அப்படித்தான். இரண்டு மணி நேர இடைவெளி விட்டிருந்தால் போதும். நோய்க்கு மருந்து முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

இந்த மருந்தின் மேல் எனக்குப் பகை இல்லை. பாக்டீரியா தன் டிஎன்ஏ முறுக்கைத் தளர்த்த, கைரேஸ் என்ற நொதியைக் கொண்டு இழையை வெட்டி மறுபடி ஒட்டுகிறது. குயினோலோன் அந்த நொதியை வெட்டிய நிலையிலேயே பிடித்து நிறுத்துகிறது. ஒட்ட முடியாமல் கிருமி சாகிறது. அற்புதமான மருந்து. பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கும் பிளேக்குக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் இது வேண்டும். அதனால்தான் வயிறு எரிகிறது எனக்கு. பெரும்பாலும் வைரஸால் வரும் இருமலுக்கு இதை அள்ளிக் கொடுத்து, கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தியை நாமே பழக்கிவிட்டு, நாளை காசநோயாளியின் முன் வெறுங்கையோடு நிற்கப்போகிறோமா? நரம்புப் பாதிப்பு, சர்க்கரை திடீரென்று இறங்குவது, பெருந்தமனிக் கிழிசல் என்று எச்சரிக்கைப் பட்டியல் ஆண்டுக்காண்டு நீள்கிறது. சீட்டு எழுதும் வேகம் மட்டும் குறையவில்லை. நோயாளியிடம் ஒரு நிமிடம் பேச நேரமில்லாத மருத்துவம் யாருக்காக நடக்கிறது?

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். மருத்துவர்களே, எழுதும் முன் வயதையும் ஸ்டீராய்டையும் பழைய தசைநாண் வலியையும் சிறுநீரக மாற்றையும் கேளுங்கள். அதிகாரிகளே, மாத்திரை எண்ணிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு உறையிலும் நான்கு வரி அச்சிடுவதைக் கட்டாயமாக்குங்கள்: குதிகாலில் வலி வந்தால் நிறுத்துங்கள், கைகால் மரத்துப்போனால் நிறுத்துங்கள், ஆன்டாசிட்டோடு சேர்க்காதீர்கள், மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்தும் குதிகால் வலி வரலாம். எச்சரிக்கையும் மாத்திரையோடு கைக்கு வரட்டும்.

அப்பா ஊன்றுகோலோடு நடக்கிறார். அந்தப் படியருகே வந்ததும் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இடது காலை முதலில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்று என்னைக் கேட்கிறார். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்