குன்னூரில் பாதை போடும் நண்பனுக்கு

அன்புள்ள ரவி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். கவிதா வேலை மாறிவிட்டாள், புது ஆபீஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே. பெரியவள் பள்ளிக்கூட சைக்கிள் டீமில் சேர்ந்திருக்கிறாள், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். எஸ்டேட்டில் சம்மதம் வாங்கிவிட்டோம், நாலு பேர் சேர்ந்து தோட்டத்துக்கு மேலே உள்ள சரிவில் மவுண்டன் பைக் ஓட்ட ஒரு பாதை போடப் போகிறோம், நீ அந்த சைக்கிள் பிறந்த ஊரிலேயே இருக்கிறாயே, என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து அதே யோசனைதான். இங்கே நடந்த கதையைச் சொல்லாமல் நேராக யோசனை மட்டும் சொன்னால் உனக்கு அதன் காரணம் புரியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே வந்தால் எங்கள் மரின் கவுண்டி. அதன் நடுவில் டமல்பயஸ் மலை, எல்லோரும் மவுண்ட் டாம் என்றுதான் சொல்வார்கள். உயரம் 784 மீட்டர்தான், உங்கள் குன்னூரில் பாதிகூட வராது. ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேராக எழுவதால் மேலே போனால் ஒரு பக்கம் பசிபிக், இன்னொரு பக்கம் விரிகுடா, நடுவில் நகரம், எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கோடைக்காலத்தில் கடலிலிருந்து பனிமூட்டம் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து நிறைந்துவிடும், மேலே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஓடைப் பக்கமெல்லாம் ரெட்வுட் மரங்கள், மேல் சரிவுகளில் புதர்க்காடு, இடையிடையே மட்ரோன் என்று ஒரு மரம், பட்டை உரிந்து உள்ளே செம்பு நிறத்தில் வழவழவென்று இருக்கும்.

இந்த மலையிலும் ஒரு ரயில் ஓடியது தெரியுமா? 1896ல் தொடங்கினார்கள், உங்கள் மேட்டுப்பாளையம் ரயில் குன்னூருக்கு வந்ததற்கு மூன்று வருடம் முன்னால். ஆனால் உங்கள் ரயில் போலத் தண்டவாளத்து நடுவில் உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கரம் இங்கே கிடையாது, வளைந்து வளைந்தே ஏற்றிவிட்டார்கள். எட்டு மைலுக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் 281 வளைவுகள். இறங்கும்போது எஞ்சின் இல்லாத சிறு பெட்டிகளில் ஜனங்களை உட்கார வைத்து, பிரேக்மேன் ஒருவர் மட்டும் முன்னால் இருக்க, மலைச் சரிவே இழுத்துக்கொண்டு போக விடுவார்களாம். இந்த மலையில் சறுக்கி இறங்கும் ஆசை சைக்கிளுக்கு ரொம்ப முந்தியது. 1930ல் ரயில் நின்றது, தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், பாதை மட்டும் மிச்சம். அடிவாரத்தில் உள்ள மில் வேலி என்ற ஊரிலிருந்து அதில்தான் நாங்கள் சைக்கிளில் ஏறுகிறோம். ரயிலுக்காக வெட்டியது என்பதால் எங்கேயும் செங்குத்தாக இருக்காது, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். வழியில் வெஸ்ட் பாயிண்ட் இன் என்று 1904ல் கட்டிய மரவிடுதி ஒன்று இருக்கிறது, அங்கே நின்று தண்ணீர் பிடித்துக்கொள்வோம்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். எழுபதுகளில் இந்தப் பக்கத்துப் பையன்கள் சிலர் 1930, 40களின் பழைய ஷ்வின் கம்பெனி சைக்கிள்களை, குண்டு டயர் போட்டவை, காயலான் கடையிலிருந்து எடுத்துப் பழுது பார்த்து மலையிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண்சாலையில் 1976 அக்டோபர் 21ல் முதல் பந்தயம், ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1300 அடி இறக்கம். ஆலன் பாண்ட்ஸ் என்பவர் ஜெயித்தார். அந்த சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான், அது பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இருக்கும். அடிவாரம் வருவதற்குள் ஹப் பழுக்கக் காய்ந்து உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும், கழற்றிப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த முறை ஓட்ட முடியும். அதனால் அந்தச் சாலைக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான கேரி ஃபிஷர் அதில் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியதுதான் இன்றும் பேசப்படுகிற சாதனை. இன்னொருவரான ஜோ பிரீஸ் 1977ல் இதற்கென்றே புதிதாக ஒரு ஃபிரேம் செய்தார், அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபேர்ஃபாக்ஸிலேயே 2015ல் ஒரு சைக்கிள் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே அந்தக் காலத்து வண்டிகளைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கனத்த இரும்பு, பட்டனை அழுத்தினால் கியர் மாறும் வசதியெல்லாம் ஒன்றும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். உலகம் முழுக்கப் பரவின இந்த விளையாட்டுக்கு, அது பிறந்த மலையிலேயே பாதிக்கு மேல் கதவு மூடியிருக்கிறது. மலையின் வடபக்கம் பெரும்பகுதி குடிநீர் வாரியத்தின் நிலம், அங்கே நீண்ட காலமாக சைக்கிளுக்கு அனுமதி காட்டுத்தீ வந்தால் வண்டி போவதற்காகப் போட்ட அகல மண்சாலைகளில் மட்டும்தான். வேகம் மணிக்கு 15 மைல், மறைவான வளைவிலும் ஆட்களைத் தாண்டும்போதும் 5 மைல், காவலர்கள் ரேடார் வைத்துப் பிடித்து அபராதம் போடுவார்கள். ஒற்றையடிப் பாதைகள், அதாவது மவுண்டன் பைக்காரன் எவனும் ஆசைப்படும் அந்தக் குறுகல் பாதைகள், பெரும்பாலும் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் மட்டும். சிலவற்றைத் திறந்துவிடலாம் என்று அவ்வப்போது பேச்சு எழும், உடனே எதிர்ப்பும் எழும். கடலோரப் பக்கம் ஒன்றிரண்டு பாதைகளை மட்டும் பகிர்ந்துகொள்ள விட்டிருக்கிறார்கள்.

இது ஏன் இப்படி ஆனது என்றால், எண்பதுகளில் சைக்கிள் பெருகியபோது சிலர் வளைவில் பாய்ந்து வந்ததுதான். குதிரை மிரண்டது, வயதானவர்கள் ஓரத்துக்கு ஒதுங்கிப் பயந்து நின்றார்கள். ஒரு தலைமுறை தாண்டியும் அந்தப் பயமும் கோபமும் இங்கே ஆறவில்லை. என்னைக் கேட்டால் முழுத் தடை நியாயமில்லை, பாதையைக் கெடுப்பதில் குதிரைக் குளம்புக்கும் பங்கு உண்டு. ஆனாலும் பயந்தவர்களின் பக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அதனால்தான் ரவி, உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செடிகளுக்கு நடுவே போகும் அந்தத் தடம் கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் வேலைக்குப் போகிற வழி. தலையில் மூட்டையோடு இறங்கும் ஒருத்தி உன் சைக்கிளுக்காக ஒதுங்கி நிற்கும் நிலை ஒருநாளும் வரக்கூடாது. உன் பாதை அவர்கள் வழியைத் தொடாமல் போகட்டும், குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கு முன் ஒரு சிறு ஏற்றம் வை, வேகம் தானாகக் குறையும். இங்கே விதி என்னவென்றால் சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். அதை முதல் நாளிலிருந்தே உங்கள் நாலு பேருக்குள் சட்டமாக்கிவிடுங்கள். பெரிய மணி ஒன்று மாட்டு. மேனேஜர் சம்மதம் மட்டும் போதாது, தொழிலாளர் லைன் வீடுகளில் இருக்கிறவர்களிடமும் போய்ச் சொல், எந்த நேரத்தில் ஓட்டக்கூடாது என்று அவர்களையே கேள். காட்டெருமை எங்கே இறங்கும் என்பதும் உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது தண்ணீர். இங்கே குளிர்கால மழை முடிந்ததும் தன்னார்வலர்களோடு நானும் பாதை வேலைக்குப் போவேன், மண்வெட்டி பிடித்தால்தான் பாதை என்றால் என்ன என்று புரிகிறது. டயரைவிடத் தண்ணீர்தான் பாதையை அழிக்கும், டயர் அதற்கு வாய்க்கால் வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். பின்பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை இழுத்துக்கொண்டு போனால் ஒரு கோடு விழும், அடுத்த மழை அதிலேயே ஓடும். மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு போகக்கூடாது, சரிவு 30 சதவீதமென்றால் பாதை 15க்குள், முழுப் பாதைக்கும் சராசரி 10ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள். வெளி ஓரம் உள் ஓரத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போகும். இறக்கத்தில் அங்கங்கே பாதையை லேசாக மேலே ஏற்றி இறக்கினால் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வெளியேறிவிடும். ஓட்ட ஓட்ட வெளி ஓரத்தில் மண் ஒதுங்கி வரப்பு கட்டிக்கொள்ளும், வருடா வருடம் அதைச் சீவிவிடவேண்டும். குன்னூர்ப் பக்கம் மண் சரிவது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை வெட்டவே வேண்டாம். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் எங்கே எங்கே ஓடுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள், பாதைக்கு வரைபடம் அதுதான்.

பெரியவளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. இந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2001லிருந்து மவுண்டன் பைக் லீக் இருக்கிறது, அதில் ஓடுகிறாள். பயிற்சிக்கு சைனா கேம்ப் என்ற மாநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு காலத்தில் சீன இறால் மீனவர்களின் குடியிருப்பாக இருந்த இடம், விரிகுடாவை ஒட்டி ஓக் மரங்களுக்கு இடையே நல்ல ஒற்றையடிப் பாதை, அங்கே நடப்பவர்களும் குதிரைகளும் சைக்கிளும் சேர்ந்தே போகிறார்கள். குதிரை எதிரே வந்தால் இவள் இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று, குதிரைக்குக் கேட்கும்படி அதில் வருகிறவரிடம் பேச்சுக் கொடுக்கிறாள், மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாதாம். டீமில் சொல்லிக் கொடுத்தது. எனக்கு அவள் பந்தயத்தில் எத்தனையாவதாக வருகிறாள் என்பதைவிட இதில்தான் சந்தோஷம்.

டிசம்பர் கடைசியில் ஊருக்கு வருகிறோம், கோயம்புத்தூரில் இரண்டு நாள் இருந்துவிட்டு நேராக உன்னிடம்தான். அதற்குள் பாதையை வெட்டி முடித்துவிடாதே, குச்சி நட்டு நூல் கட்டி மட்டும் வை, சேர்ந்து நடந்து பார்த்து முடிவு செய்யலாம். சாய்வு அளக்கிற சின்னக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். உன் சக்கரம் 27.5 அங்குலமா 29 அங்குலமா என்று எழுது, டயரும் டியூப்லெஸ் வால்வும் இங்கிருந்து வாங்கி வருகிறேன். அப்பாவைச் சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடச் சொல், அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி