முடிவைச் சொல்லுங்கள்: தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கூட்டமைப்புத் தோழர்களுக்கு,

வணக்கம். பணிநீக்கம் செய்யப்பட்ட தோழர்களுக்காக உங்கள் வேண்டுகோளின் பேரில் மொழிபெயர்ப்புத் தன்னார்வலர்களான நாங்கள் நடத்திய மின்னஞ்சல் இயக்கம் எப்படி முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் கடைசியில் தெரிந்தது. அதையும் நீங்கள் சொல்லவில்லை, நிர்வாகம் சொன்னது.

அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கும்படி எழுதிய ஒவ்வொருவருக்கும் நிர்வாகத்திடமிருந்து பதில் போயிற்று. சங்கத்தோடு ஏற்கெனவே உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது என்றும், எழுதியவர்களுக்குத் தவறான தகவல் தரப்பட்டிருக்கிறது என்றும் அதில் இருந்தது. உடன்பாட்டின் முதல் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். அதில் சங்கத்தின் முத்திரை இருந்தது, தேதியும் இருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் நாங்கள் ஊர் உலகத்திடமெல்லாம் ஆதரவு கேட்டுக்கொண்டிருந்தோம்.

எழுதியவர்களில் ஒருவர் வேறொரு நாட்டில் செவிலியர். நாங்கள் தந்த வாசகத்தை அப்படியே அனுப்பாமல், இரவுப் பணி முடிந்து வந்து, தன் சொந்தச் சொற்களில் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். தன் மருத்துவமனையில் சங்கம் தொடங்கியவர்களை எப்படி ஒவ்வொருவராக வெளியேற்றினார்கள் என்பதையும் அதில் சொல்லியிருந்தார். நிர்வாகத்தின் பதிலை எங்களுக்கு அனுப்பி ஒரே ஒரு வரி கேட்டார்: "நான் எழுதியது பொய்யா?" பொய்யல்ல என்று சொல்ல எங்கள் கையில் ஒரு துண்டுத் தாளாவது வேண்டாமா? உங்கள் அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், பொதுச்செயலாளர் பயணத்தில் இருக்கிறார் என்றார்கள்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சங்கம் எழுத்து மூலம் கேட்காமல் நாங்கள் எந்த இயக்கத்தையும் தொடங்குவதில்லை. வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் உங்கள் ஒப்புதலுக்கு அனுப்புகிறோம். போராட்டம் தொழிலாளர்களுடையது, அதை எப்போது முடுக்குவது, எப்போது தணிப்பது என்று முடிவு செய்யும் உரிமை எங்களுக்குக் கிடையாது. பேச்சுவார்த்தை நல்ல கட்டத்தில் இருக்கும்போது நிர்வாகத்தின் அஞ்சல் பெட்டியில் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் போய் விழுந்தால் காரியம் கெடவும் கூடும். நிறுத்துங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்போம்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நிலைமை மாறிய அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள். போராட்டம் முடிந்தால், எப்படி முடிந்தது என்பதை ஆதரவு தந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை என்பதால் தயங்குகிறீர்களா? 1995 செப்டம்பரில் வேலையிழந்த லிவர்பூல் துறைமுகத் தொழிலாளர்கள், இணையம் இன்னும் பரவலாகாத அந்த நாட்களிலேயே அதன் வழியாகவும் உலகத் துறைமுகங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். 1997 ஜனவரியில் பல நாட்டுத் துறைமுகங்களில் அவர்களுக்கு ஆதரவான நடவடிக்கைகள் நடந்தன. 1998 ஜனவரியில் அந்தப் போராட்டம் வெற்றியில்லாமல் முடிந்தது. உலகம் அறிய முடிந்தது. அதனால் அவர்கள் மீதான மதிப்பு குறைந்துவிடவில்லை. உங்கள் போராட்டம் பாதிப் பேருக்கு வேலையும் மீதிப் பேருக்கு இழப்பீடும் என்று முடிந்திருந்தாலும் அதைச் சொல்லலாம். ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட்டவர்களும் தொழிலாளர்கள்தான், சமரசம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

வெறும் கையெழுத்துகள் எதையும் சாதிப்பதில்லை என்று உங்களில் சிலர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த மாதமே ஆடை நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. இணையத்தில் லட்சக்கணக்கானோர் நெருக்கினார்கள். இன்டஸ்ட்ரிஆல், யூனி ஆகிய உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் மறுபக்கம் பேச்சுவார்த்தையில் இருந்தன. இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது. மேசையில் இருப்பவர் வாயைத் திறக்காவிட்டால் வெளியே நிற்பவர் என்ன செய்வது?

இதையும் சொல்லிவிடுகிறேன். மாநாட்டுப் பதாகையில் எந்தத் தலைவரின் படம் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்கு நாள்கணக்கில் விவாதம் நடக்கிறது. சங்கத்தின் இணையதளத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினால் கடிதம் திரும்பி வருகிறது. இணைய வேலை என்றாலே இளைஞர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். அந்த இளைஞர்களுக்கோ ஒரு வரி பதில் எழுதவும் அதிகாரம் தருவதில்லை. உறுப்பினர் எண்ணிக்கை குறைகிறது என்று மேடைதோறும் வருந்துகிறீர்கள். கூப்பிட்டதும் ஓடி வந்து பெயரையும் முகவரியையும் தந்த மனிதர்களை இப்படி நடுவழியில் விட்டால் அடுத்த முறை எவர் வருவார்?

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுமை எனக்குத் தெரியாததல்ல. வழக்கு, வாயிற்கூட்டம், சந்தா வசூல், கைதானவர்களுக்கு ஜாமீன் என்று எல்லாவற்றையும் சிலரே தலையில் சுமக்கிறீர்கள். அதனால்தான் ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒரே ஒரு பொறுப்பாளரை, பதில் சொல்லும் அதிகாரத்தோடு, நியமிக்கக் கேட்கிறோம். நிலைமை மாறிய அன்றே அவர் எங்களுக்குச் சொன்னால் போதும்.

இப்போதைக்கு, முடிந்துபோன இந்த இயக்கத்தைப் பற்றி உங்கள் சங்கத்தின் பெயரில் ஒரு பத்தி எழுதித் தாருங்கள். எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், திரும்பாதவர்களுக்கு என்ன கிடைத்தது, சங்கம் தொழிற்சாலைக்குள் இருக்கிறதா என்ற மூன்று விவரங்கள் இருந்தால் போதும். அதை மொழிபெயர்த்து, எழுதிய ஒவ்வொருவருக்கும் கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பு. இந்த வாரத்துக்குள் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
மொழிபெயர்ப்புத் தன்னார்வலர்களின் சார்பில்