உன் வண்டி விளக்குகளைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் மூன்றையும் பல முறை பார்த்தேன். பழைய பிக்கப் வண்டியை வாங்கியதோடு நில்லாமல், அதன் விளக்குகளையும் நீயே மாற்றப்போவதாக எழுதியிருந்தாய். ஹெட்லைட்டுக்கு எல்.இ.டி. பல்புகள், கூரைமேல் நீளமான எல்.இ.டி. விளக்கு, பின்பெட்டிக்குள் ஒளிப்பட்டை, ரிவர்ஸ் எடுக்கும்போது எரிய ஒரு வேலை விளக்கு என்று நீ போட்ட பட்டியலைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. உன் கையில் இருக்கும் ஸ்பேனரைப் பிடுங்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஆனால் நீ எதை வாங்குவது என்று தொடங்குகிறாய். நானாக இருந்தால், இருப்பதில் வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவேன்.

உன் ஹெட்லைட் போதவில்லை என்பதை நம்புகிறேன். குறை பல்பில்தான் என்று நீ முடிவு செய்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டாவது படத்தில் விளக்கின் முகப்பு மஞ்சள் பூத்து மங்கிக் கிடக்கிறது. அது கண்ணாடி அன்று, பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன்மேல் பூசப்பட்ட மெல்லிய காப்புப் பூச்சை வெயில் தின்றுவிட்டால் அது இப்படித்தான் பால் படர்ந்த கண்ணைப் போல ஆகிவிடும். சுற்றியுள்ள பெயின்ட்டை டேப் ஒட்டி மறைத்துவிட்டு, தண்ணீர் விட்டபடியே 800, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, மெருகேற்றி, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூச வேண்டும். அந்தக் கடைசிப் பூச்சைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்; விட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும்.

அடுத்தது மின்னழுத்தம். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கான மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள ஸ்விட்ச் வழியாகவே சுற்றி வரும். ஆண்டுகள் போகப் போக அந்த ஸ்விட்சின் தொடுமுனைகளும் இணைப்புகளும் கறுத்துப்போய், பேட்டரியில் இருக்கும் அழுத்தம் பல்பு வரை வந்து சேராது. இழை பல்புக்கு இது பெரிய இழப்பு: அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரியின் முனைகளில் ஒரு முறையும், ஹெட்லைட் ஹோல்டரின் பின்புறம் ஒரு முறையும் அளந்து பார். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், உனக்குத் தேவை புது பல்பு அன்று. ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு கனத்த மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச், வைத்த புது ஒயரிங்.

ஹாலஜன் ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி. பல்பை வைப்பதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: வேண்டாம், அம்மா. உன் வண்டியில் இருப்பது எச்4 வகைப் பல்பு. அதில் டிம்முக்கு ஓர் இழை, பிரைட்டுக்கு ஓர் இழை. டிம் இழையின் கீழே, பிரதிபலித்து மேலெழக்கூடிய ஒளியை மறைக்க ஒரு சிறு உலோகக் கிண்ணம். பின்னாலிருக்கும் பிரதிபலிப்பான் அந்த இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அங்கே வேறு வடிவமுள்ள எல்.இ.டி. சில்லுகளை வைத்தால், வண்டிக்கு அருகே தரை வெளுத்துத் தெரியும். நீயும் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைப்பாய். ஆனால் தொலைவில் விழ வேண்டிய ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும். பிக்கப்பின் விளக்கு சாதாரணக் காரைவிட உயரத்தில் இருப்பதால் அந்தத் துன்பம் இன்னும் மிகுதி. பல நாடுகளில் சாலையில் இதற்கு அனுமதியும் இல்லை. தெளிந்த முகப்பு, முழு மின்னழுத்தம், 60/55 வாட்டில் தரமான புது ஹாலஜன் பல்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் கிடைக்கும் வெளிச்சத்தை முதலில் பார்த்துவிட்டுச் சொல். பல்பின் கண்ணாடியை விரலால் மட்டும் தொடாதே. விரலின் எண்ணெய் படிந்த இடம் அதிகமாகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நீ பின்பெட்டியில் பாரம் ஏற்றி இரவில் ஓட்டுகிறவள். பின்புறம் அமுங்கினால் முன்புறம் நிமிரும்; விளக்கும் வானத்தைப் பார்க்கும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அதைத்தான் 1 சதவீதச் சரிவு என்பார்கள். உன் வண்டிக்கு உரிய சரிவு எண் வேறாக இருந்தால், பெரும்பாலும் அது விளக்கின் மேலோ அருகிலோ குறிக்கப்பட்டிருக்கும். காலியாக ஒரு முறையும், வழக்கமான பாரத்தோடு ஒரு முறையும் பார். விளக்கின் உயரத்தைச் சரிசெய்யும் திருகி வண்டிக்குள் இருந்தால், பாரத்துக்கு எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று அன்றே எழுதி ஒட்டிவிடு.

இனி ஒயரிங். நான் அதிகம் சொல்ல நினைப்பதும் இதைப் பற்றித்தான். நீ ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது, நம் பழைய வண்டிக்கு நானே இரண்டு பனி விளக்குகள் பொருத்தினேன். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தேன், ஃபியூஸ் போடவில்லை. இன்ஜின் அறையையும் உள்ளறையையும் பிரிக்கும் தகட்டில் துளையிட்டு, ரப்பர் வளையம் இல்லாமலேயே ஒயரை நுழைத்தேன். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு மாலையில் டாஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. தகட்டின் விளிம்பு ஒயரின் உறையை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் இறங்கி ஓடிப்போய் பேட்டரியின் கேபிளைப் பிடுங்கியபோது, பின்னிருக்கையில் உன் அம்மாவின் மடியில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். என் உள்ளங்கையில் இருக்கும் தழும்பு எப்படி வந்தது என்று சிறு வயதில் கேட்டிருக்கிறாய். அது அந்தக் கேபிளில் வந்தது.

ஆகவே எந்த விளக்கானாலும், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, ஒயரை. அதற்கு முன்னால் இருக்கும் ஒயரை அது காப்பதில்லை. 120 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும், 15 ஆம்பியர் ஃபியூஸும், அதாவது நீல நிறத் தகடு ஃபியூஸும் போதும். அது அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸை மாட்டாதே. எங்கோ உறை உரிந்திருக்கிறது என்று தேடு.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30இல் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87இல் விளக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் முனைகள். ஒன்று எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடம்புக்கு, மற்றொன்று ஸ்விட்சுக்கு. அந்தச் சுருள் ஆம்பியரில் சிறு பங்கையே இழுப்பதால், உள்ளறைக்குச் செல்லும் ஒயரில் கனத்த மின்சாரம் ஓடவே ஓடாது. அன்று நான் இப்படிச் செய்திருந்தால் அந்தப் புகை வந்திருக்காது. ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். ஒயர் முனைக்கு அளவான லக் என்னும் உலோக முனை போட்டு, கிரிம்பிங் கருவியால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவால் மூடு. துளையிட்டால் விளிம்பை அரத்தால் வழித்து, துருப்பிடிக்காமல் பிரைமர் பூசி, ரப்பர் கிராமெட் போடு. எர்த் முனைக்குக் கீழே பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்கு. விளக்கு மினுக்கும் குறைகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றின் அருகே கைகூட வைக்காதே. வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்று, முடிந்ததும் கடைசியாக மாட்டு. அப்படிச் செய்தால் பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறி வண்டியின் உடம்பில் பட்டாலும் தீப்பொறி வராது.

கூரைமேல் வைக்கும் விளக்கு பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஒளி பானெட்டில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும்; மழையிலும் புழுதியிலும் முன்னால் வெள்ளைத் திரை கட்டியது போலாகிவிடும். வேகத்தில் காற்று அதன்மேல் மோதி ஊளையிடும். பம்பர் அருகே, ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்காமல் பொருத்துவதே நல்லது. பொதுச்சாலையில் இதை எரியவிடவே கூடாது என்பது பல இடங்களில் சட்டம். காட்டுப் பாதையில் பயன்படுத்தும்போதும், ரிலேயின் 86ஆம் முனைக்கு வரும் மின்சாரத்தைப் பிரைட் ஒயரிலிருந்து எடுத்து, நடுவே உன் ஸ்விட்சை வை. எதிரே யாரோ வருகிறார் என்று நீ டிம்முக்கு மாற்றும் அந்த நொடியே இதுவும் தானாக அணைந்துவிடும்.

பின்பெட்டி ஒளிப்பட்டை எளிய வேலை. தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் காட்டும் ஐ.பி.67 குறியீடு உள்ளதை வாங்கு. ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் நனையாமல் விடு. ரிவர்ஸ் விளக்கின் ஒயரைக் கொண்டு ரிலேயை மட்டும் இயக்கு. வேலை விளக்குக்கான மின்சாரத்தை அதிலிருந்து எடுக்காதே. இன்டிகேட்டர்களை எல்.இ.டி.க்கு மாற்றினால் அவை படபடவென்று அடிக்கத் தொடங்கும். 21 வாட் பல்பு இழுக்கும் மின்சாரத்தை எல்.இ.டி. இழுக்காததால், பல்பு போய்விட்டது என்று, இன்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு உரிய ஃபிளாஷரை மாற்று. அந்தக் குறைந்த மின்சாரத்தை ஈடுகட்டச் சேர்த்து விற்கப்படும் ரெசிஸ்டர்கள் கையைச் சுடும் அளவுக்குக் கொதிப்பவை; பிளாஸ்டிக் அருகே அவற்றை வைக்கக் கூடாது. மூன்றாவது படத்தில் நீ வட்டமிட்ட முன்பக்கக் கம்பித் தடுப்பை மட்டும் விட்டுவிடு. அது மோதலின் விசையை நேராக வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கடத்தி, ஏர்பேக் விரியும் கணக்கைக் குழப்பக்கூடும். நடந்து போகிறவர் மீது பட்டால் காயமும் பெரிது.

எல்லாம் முடிந்தபின், வண்டியைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து, பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரத்தை அளந்து பார். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் நீ சேர்த்தவற்றில் ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது என்று பொருள்.

எதையும் வாங்குவதற்கு முன் அந்த இரண்டு வோல்ட் அளவுகளை, பேட்டரியில் எவ்வளவு, ஹோல்டரில் எவ்வளவு என்று, எனக்கு எழுதி அனுப்பு. ரிலே ஒயரிங்கின் படத்தை உன் வண்டிக்கு ஏற்றபடி நானே கையால் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா