கைப்பக்குவம் சொல்லித் தந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் என் பேத்தி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். வீட்டுப் பெரியவர்கள் பார்த்த தொழில் என்ன என்று எழுத வேண்டுமாம். கட்டம் ஒரு விரல் நீளம்தான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு தாத்தா" என்றாள். விரல் மடக்கி எண்ணினேன். அச்சுக்கோப்பு, சினிமா கொட்டகையில் ஆபரேட்டருக்கு உதவி, தட்டச்சு, விடுதியில் டெலிபோன் போர்டு, பெயின்டிங், ஜெராக்ஸ், லிஃப்ட்... சில மாதமே பார்த்த வேலைகளையும் சேர்த்தால் பதினொன்று. அவள் 'பல வேலைகள்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. வேலைகள் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு வேலையிலும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த உங்கள் முகங்கள் வரிசையாக வந்தன. அதற்கென்று உங்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. நானும் அப்போது வாய்விட்டு ஒரு நன்றி சொன்னதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி அச்சகத்து அண்ணனுக்கு.

அண்ணே, வேலைக்குச் சேர்ந்த அன்று ஓர் ஈய அச்செழுத்தை என் உள்ளங்கையில் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாரு" என்றீர்கள். எழுத்தின் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு காடி, அதாவது பள்ளம், வெட்டியிருந்தது. அந்தக் காடி மேலே பார்த்தபடி இருந்தால் எழுத்து சரியாக நிற்கிறது என்று கட்டை விரலே சொல்லிவிடும், கண் வேண்டாம் என்றீர்கள். ஈய எழுத்தில் எல்லாம் இடவலமாக மாறித்தான் இருக்கும். அதையும் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். தமிழில் கி, கீ, கு, கூ எல்லாம் தனித்தனி வார்ப்பு. காலும் கொம்பும் வேறு. எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் கேஸ் என்ற தட்டில் எந்த அறையில் எது என்று கைக்குப் பழகவே எனக்கு மாதக்கணக்கானது.

சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு கேஸை முழுதாகக் கவிழ்த்துவிட்டேன். தரையெங்கும் எழுத்து. மறுநாள் காலை முதலாளி வரும்போது அது ரேக்கில் இருந்தாக வேண்டும். நீங்கள் சைக்கிளை எடுத்தவர், திரும்ப ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "ந, ண, ன மூணையும் மட்டும் நீ பிரி. இதுல முடிச்சா உனக்கு இனிமே ஜென்மத்துக்கும் குழம்பாது" என்றீர்கள். விடியற்காலை வரைக்கும் பிரித்தோம். நீங்கள் சொன்னபடியே இன்று வரை எனக்கு அந்த மூன்றும் குழம்பியதில்லை. முடித்த பிறகு என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய், நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தீர்கள். அந்த எழுத்தெல்லாம் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி என்ற உலோகம் மூன்றும் கலந்த வார்ப்பு. ஈயம் உடம்பில் சேர்ந்தால் கெடுதல். கை கழுவாமல் நான் வாயில் எதையும் வைக்க நீங்கள் விட்டதே இல்லை. பெற்றவர்கள் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டீர்கள்.

அடுத்து, கொட்டகை ஆபரேட்டர் அண்ணனுக்கு. படம் ஒரே சுருளாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். ஒரு ரீல் 2,000 அடி, நொடிக்கு 24 பிரேம், ஏறக்குறைய 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதற்குள் அடுத்த புரொஜெக்டர் தயாராக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். ரீல் முடியப்போகும் நேரம் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மோட்டாரை ஓடவிட வேண்டும். சில நொடி கழித்து இரண்டாவது புள்ளி வரும். அப்போது மாற்றிவிட வேண்டும். முதல் மாதம் முழுக்க எனக்கு அந்தப் புள்ளி கண்ணில் படவே இல்லை. "கதையைப் பாக்காதே, மூலையைப் பாரு" என்று தோளில் தட்டிக்கொண்டே இருந்தீர்கள்.

ஒரு நாள் இடைவேளையில் ஒரு பொடியன் படியேறி வந்து கதவைத் தட்டினானே, ஞாபகம் இருக்கிறதா? ஆறு, ஏழு வயதுதான் இருக்கும். "அண்ணே, திரையில மேல ஒரு பூச்சி ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு வாட்டி வந்துச்சு. தொடைக்கச் சொல்லுங்க" என்றான். அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் அவன் ஒருவன் கண்ணில்தான் அது பட்டிருக்கிறது. நீங்கள் சிரித்துவிட்டு அனுப்பவில்லை. அவனை உள்ளே கூப்பிட்டு, ஃபிலிமை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து அந்தப் புள்ளியைக் காட்டினீர்கள். அவன் வாயைப் பிளந்து பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பையனுக்கும் இந்த மடலில் ஒரு நன்றி. அடுத்த காட்சியிலிருந்து எனக்கும் அந்தப் பூச்சி தப்பாமல் தெரிந்தது.

தட்டச்சு அக்கா, உங்களிடம் இருந்தது ஆறு மாதம்தான். தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் அடித்தால் வண்டி நகராமல் நிற்கும், பிறகு எழுத்தை அடித்தால் அது புள்ளிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நீங்கள் காட்டியபோது ஏதோ மாயம் போல இருந்தது. "மெஷினை அடிக்காதே தம்பி, தொட்டு விடு" என்பீர்கள். என் விரல் இப்போது கைப்பேசித் திரையைத் தொடுவதும் அந்தப் பழக்கத்தில்தான்.

விடுதி டெலிபோன் போர்டில் எனக்கு முன்னால் இருந்த அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். இரவுப் பணி. அதிகாலையில் எழுப்பச் சொல்லி அறை எண்ணும் நேரமும் நோட்டில் குறித்து வைப்போம். ஒருவர் நான்கு மணிக்கு எழுப்பச் சொன்னார். எழுப்பினேன். "யாருய்யா நீ, இந்த நேரத்துல?" என்று வைத்துவிட்டார். ரயிலையும் விட்டுவிட்டார். அன்று இரவு அவரே போர்டைக் கூப்பிட்டார். "நாளைக்கும் நாலு மணிக்கு எழுப்புங்க. ஆனா நேத்து ஒருத்தன் போன் பண்ணித் தூக்கத்தைக் கெடுத்தான், அவன் லைனை மட்டும் கொடுத்துடாதீங்க" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, நீங்கள் வாங்கிப் பேசினீர்கள். "சரிங்க ஐயா, அவரைப் பாத்துக்கறோம். நாளைக்கு நானே எழுப்பறேன்." வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நீங்கள் நான்கு மணி வரை இருந்து, அவர் எழுந்து விளக்குப் போட்டதாக வாயால் சொல்லும் வரை போனை வைக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் மனிதர் பேசுவதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை உங்களைப் பார்த்துத்தான் பழகினேன். என் வீட்டிலும் அதனால் பல சண்டைகள் நடக்காமல் போயிருக்கின்றன.

பெயின்டர் மேஸ்திரிக்கு ஒரு வணக்கம். ஈரச் சுவரைப் பார்த்து "நான் சொன்ன நிறம் இது இல்ல" என்று அந்த அம்மா கண் கலங்கியபோது, "காயட்டும்மா, ஒரு படி கூடும். நாளைக்குக் காலைல வந்து பாத்துட்டுத் திட்டுங்க" என்று நிதானமாகச் சொன்னீர்கள். காலையில் அவர் சுவரைப் பார்த்துவிட்டு, திட்ட ஒன்றும் இல்லையே என்று நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஏணியைத் திட்டிவிட்டுப் போனார்.

ஜெராக்ஸ் கடையில் நான் அதிக வருடம் இருந்தேன். அங்கே என் ஆசிரியர் மெஷின் பழுது பார்க்க வருபவர்தான். ஒவ்வொரு தடவையும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, டார்ச்சைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கிக்கொண்டே வேலை பார்ப்பார். உருளை முழுக்க நிலைமின்சாரம் ஏறும். தாளின் வெள்ளைப் பகுதியிலிருந்து ஒளி பட்ட இடத்தில் அது போய்விடும். எழுத்து இருந்த இடத்தில் மட்டும் மிச்சம் நிற்கும். கறுப்புத் தூள் அங்கே மட்டும் ஒட்டும். பிறகு சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நகல் சுடச்சுட வருகிறது என்பது அன்றுதான் புரிந்தது. 1938 அக்டோபர் 22ஆம் தேதி செஸ்டர் கார்ல்சன் என்பவர் இந்த முறையில் முதல் நகலை எடுத்ததையும், அதில் அந்தத் தேதியையே எழுதி எடுத்ததையும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அவர் சொல்லித் தந்தது ஒரு நாள் கைகொடுத்தது. ஒரு பெரியவர் பழைய பத்திரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கொடுக்க மனமில்லை. "நாலு காப்பி வேணும். ஆனா ஒவ்வொரு காப்பிக்கும் இதுலேர்ந்து மை கொஞ்சம் போயிடும்ல? நாலாவது எடுக்கறப்ப எழுத்து தங்குமா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவர் அப்பா கையெழுத்துப் போட்ட பத்திரம். மூடியைத் திறந்து, அவர் தாளைத் தொடுவது வெளிச்சம் மட்டும்தான், மை தருவது இந்தத் தூள்தான் என்று டப்பாவையே எடுத்துக் காட்டினேன். நான்கு நகல் எடுத்த பின் பத்திரத்தை வெயிலில் பிடித்து வரிவரியாகச் சரிபார்த்தார். ஒரு மாதம் கழித்து வேறு யாரையோ அழைத்து வந்து, "பயப்படாதே, வெளிச்சம் மட்டும்தான் படும்" என்று அவரே பாடம் நடத்தினார். பழுது பார்க்க வந்த ஐயா, அந்த நாள் நான் வீட்டுக்கு நிமிர்ந்து நடந்தேன்.

லிஃப்ட் மெக்கானிக் தம்பி, வயதில் நீ எனக்கு இளையவன், அறிவில் மூத்தவன். கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று பயந்த என்னைக் கூட்டிப்போய், பக்கத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பல்லைக் காட்டினாய். 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் தானே மேடையில் ஏறி நின்று, கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிய கதையையும் சொன்னாய். அதன் பிறகு ஏறத் தயங்கியவர்கள் எத்தனையோ பேருக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி பதித்த லிஃப்ட் அது. ஒரு முதியவர் வாசலில் நின்று உள்ளே பார்த்து, "நீங்க இறங்குங்க, அப்புறம் நான் ஏறறேன்" என்று தன் உருவத்துக்கே வழிவிட்டு நின்றார். நீ மெல்ல அவர் கையைப் பிடித்து, "அவரும் நம்ம கூடத்தான் வர்றாருங்க" என்று ஏற்றிவிட்டாய். அந்த நயம் எனக்கு வந்திருக்காது.

அச்சகத்து அண்ணே, கடைசியாக உங்களிடமே வருகிறேன். அச்சகம் மூடிய நாளில் எழுத்துகளை வரிசையாகக் கோக்கும் உங்கள் கைச்சட்டத்தை, அந்தக் கம்போசிங் ஸ்டிக்கை, என் பையில் போட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குப் பிறகு உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. துரு ஏறாமல் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன். உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதைப் படித்தால் வாருங்கள். உள்ளங்கையில் ஓர் எழுத்தை வைத்து, காடி எந்தப் பக்கம் என்று முதலில் கேட்பேன். பிறகு அதைக் கொடுத்துவிடுவேன்.

என்றும் உங்கள்
தம்பி