முப்பது டேப்லெட்டும் ஒரு சம்பளமும்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு அத்தையின் கண்தான் காரணம். எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள். போன வாரம் அவள் ஊருக்கு அருகில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் சிறிய பரிசோதனை மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதித்து விவரங்களைக் கணினியில் ஏற்றினாள். சற்று நேரத்தில் டாக்டர் திரையில் வந்தார். அத்தை சேலையைச் சரிசெய்துகொண்டு திரைக்கு ஒரு கும்பிடு போட்டாள்! புரை முற்றிவிட்டதாம். வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை.

உங்கள் படிப்பகத்துக்கு ஒரு நிறுவனம் முப்பது டேப்லெட் கணினி தருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நான் கணக்கெழுதிய அறக்கட்டளைக்கும் அப்படி இருபது வந்தன. இப்போது பீரோவுக்குள் சார்ஜ் இறங்கிக் கிடக்கின்றன. கொடுத்தவர்களின் ஆண்டறிக்கையில் மட்டும் விழாப் படம் பளிச்சென்று இருக்கிறது.

அந்த மையத்தில் என்னைக் கவர்ந்தது திரை அல்ல, அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்தான். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுக்கிறார்கள். அவள் இல்லாவிட்டால் அந்தக் கருவியும் பீரோவுக்குத்தான் போகும்.

டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அந்த அரவிந்த் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை என்பதுதான் கணக்கு. புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்தான் கையைக் கடித்தது. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற காலம். தானமாகவும் வந்தது, போதவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அவர்களோ செய்முறையைக் கற்றுக்கொண்டு 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை துணை நின்றது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. நன்கொடை என்றால் எனக்கு அதுதான் நன்கொடை. ஒருமுறை வந்தது, பிறகு கேட்க வேண்டிய தேவையையே குறைத்துவிட்டது.

ஆள் சம்பளத்துக்குக் காசு கேட்டால் கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், எனக்குத் தெரியும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். படம் எடுக்கத் தோதான பொருளாகக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். அறக்கட்டளைகளுக்கு வரும் வெளிநாட்டு நன்கொடையிலோ நிர்வாகச் செலவின் உச்சவரம்பை அரசு 2020இல் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கிவிட்டது. என்னைப் போன்ற கணக்கப்பிள்ளையின் சம்பளம் அந்த இருபதுக்குள்தான் வரவேண்டும். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள், பரவாயில்லை.

ஆகவே முப்பது வேண்டாம், பத்து போதும் என்று எழுது. மிச்சப் பணத்தில், அந்தப் பத்தை வைத்துச் சொல்லிக்கொடுக்க உங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு இரண்டு வருடச் சம்பளம் கேள். மறுத்தால் டேப்லெட்டையும் விட்டுவிடு.

வியாழக்கிழமை முடிந்தால் வா. அத்தை உன்னை விசாரித்தாள். அந்த நிறுவனத்தின் கடிதத்தையும் எடுத்து வா, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்