மூன்றாவது முறை வெறுங்கையோடு இறங்க வேண்டாம்: எண்ணூர் கழிமுகக் கரை எண்ணெய் அகற்றும் பயிற்சிக்கு நன்கொடை வேண்டுகோள்

அம்மன் துணை.

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வேலைக்காக வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளே, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பயிற்சிக்கு இன்னும் 1,68,500 ரூபாய் குறைகிறது. செப்டம்பர் 10-ஆம் தேதிக்குள் பயிற்சியாளர்களுக்கு முன்பணம் கட்ட வேண்டும். தவறினால் அவர்கள் அந்த நாட்களை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மழைக்காலம் வந்துவிடும். மழைக்காலத்தில் நமக்கு என்ன நடந்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

இருந்தாலும் சின்னப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறோம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சேரும் இந்த முகத்துவாரத்தில், யார் எந்த நாள் எங்கே வலை விரிப்பது என்று பாடு முறை வைத்துச் சண்டையில்லாமல் பிழைத்தவர்கள் நம் பாட்டன்மார். கைக்கடிகாரம் இல்லாமல் விடிவெள்ளியைப் பார்த்துக் கடலுக்குக் கிளம்பியவர்கள். தண்ணீரில் கை வைத்தாலே நீரோட்டம் வடக்கே ஓடுகிறதா தெற்கே ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார்கள். மடவையும் கொடுவாவும் இறாலும் கூடை கூடையாக இறங்கிய கரை இது. இருளர் வீட்டுப் பெண்கள் சேற்றில் கையால் தடவியே இறால் பிடித்து வயிறு கழுவிய ஆறு இது.

2017 ஜனவரி 28 விடியற்காலை துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கொஞ்சம் எண்ணெய்தான் என்று முதலில் சொன்னார்கள். அந்தக் கொஞ்சம் நீரோட்டத்தோடு தெற்கே இறங்கி மெரினா, திருவான்மியூர் தாண்டியும் போனது. நம் பக்கத்துத் தடுப்புப் பாறைகளுக்கு நடுவே கூழ் மாதிரி தேங்கி நின்றதை வாளி வாளியாக அள்ளினோம். கப்பல் எண்ணெய் கடல் தண்ணீரோடு அடிபட்டால் ஒன்று மூன்றாகப் பெருத்துக் கெட்டியாகிவிடும் என்பது அன்றைக்கு நமக்குத் தெரியாது. அள்ள அள்ளக் குறையவில்லையே என்று அழுதவர்கள் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்புக் கம்பெனிப் பக்கமிருந்து எண்ணெய் கால்வாய் வழியே வீட்டு வாசலுக்கே வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு. இறக்கையை விரிக்க முடியாமல் கூழைக்கடாக்கள் கரையில் நின்றன. அப்போதும் நம் ஆட்கள்தான் மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். தலைவலி, வாந்தி, கண் எரிச்சல் எல்லாம் பட்டார்கள். குழுவில் ஒருவரின் அம்மாவுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் பொங்கலன்று நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. அந்தக் கையோடுதான் பொங்கல் பானையை இறக்கினார்.

வீரத்துக்குக் குறைவில்லை. ஆனால் மனசாட்சியோடு சொன்னால், தெரியாமல் நாமும் கெடுத்திருக்கிறோம். அலையாத்திச் செடிகளுக்குள் கூட்டமாக இறங்கி, மேலாக மிதந்த எண்ணெயைக் காலாலேயே சேற்றுக்குள் மிதித்துவிட்டோம். அள்ளியதை வெறும் மணலில் குவித்தோம். அது திரும்பவும் கீழே இறங்கியது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டியபோது, அங்கே சுடுதண்ணீரைப் பாய்ச்சிப் பாறைகளைக் கழுவினார்கள். எண்ணெய் போனது, பாறையில் ஒட்டியிருந்த சிப்பியும் பாசியும் சேர்ந்தே செத்தன. அந்த விபத்தில் பட்ட பாட்டிலிருந்துதான் கரையை முதலில் முறையாகப் பார்வையிட்டு, அப்புறம் கை வைக்கும் வழக்கம் வந்தது.

நம் நாற்பது பேர் கற்கப்போவது அதைத்தான். கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து நடக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எண்ணெய்ப் பட்டையின் அகலம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு என்று எழுத வேண்டும். கல்லில் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டினால் வருகிறதா, வராமல் வெறும் கறையாக நிற்கிறதா என்று பார்ப்பதுகூட ஒரு அளவுதான். மணலில் குழி தோண்டி, அலை மூடிய எண்ணெய் அடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே அள்ளலாம், எங்கே தொடாமல் விட்டால்தான் சேறு பிழைக்கும், அள்ளியதை எந்தத் தார்ப்பாயில் எங்கே வைப்பது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கே நிற்பது, எல்லாம் இதில் அடக்கம். நீரோட்டம் பற்றிச் சொல்ல ஊர்ப் பெரியவர்கள் இருவரை வகுப்பில் பேசக் கேட்டிருக்கிறோம். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

கடல் நடுவே எண்ணெய் என்றால் கடலோரக் காவல்படை வரும். கரைக்கு வந்த எண்ணெய்க்கு முதல் சில மணி நேரம் நிற்பது நாம்தான்.

செலவு இதுதான்: நாற்பது பேருக்குப் பாதுகாப்பு உடை, பூட்ஸ், கையுறை, கண்ணாடி, முகக்கவசம், ஆளுக்கு 3,200 வீதம் 1,28,000. பயிற்சியாளர்கள் மூவருக்கு ஊதியம், பயணம், தங்கல் 95,000. மூன்று நாள் சாப்பாடு, பந்தல், படகு டீசல் 42,000. தொழிலுக்குப் போகாமல் வருபவர்களுக்கு நாள் படி 600 வீதம் 72,000. எண்ணெய் உறிஞ்சும் மிதவைகள், மண்வெட்டி, வாளி, தார்ப்பாய் 1,03,000. மொத்தம் 4,40,000. கையில் இருப்பது 2,71,500.

அந்தப் பணம் வந்த வழியைச் சொல்லாமல் போனால் பாவம். மீன் கூடை சுமக்கும் தாய்மார்கள் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கு 200 ரூபாய் கொண்டுவந்தார்கள். ஈர நோட்டைக் காயவைத்துத்தான் எண்ணினோம். ஃபைபர் படகுக்காரர்கள் படகுக்கு 1,000 கொடுத்தார்கள், அதில் சிலருக்கு இன்ஜின் கடனே தீரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு மாதப் பென்ஷனை அப்படியே தந்தார், பெயரைப் போட வேண்டாம் என்றார். வளைகுடாவில் வெல்டிங் வேலை செய்யும் தம்பிகள் ஆறு பேர் சேர்ந்து 30,000 அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துச் சில்லறையாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அம்மன் அருள் நிறையட்டும். உங்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

அதே நேரம், சித்திரையில் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொல்லிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினேழு வீடு இருக்கிறார்கள். பெயரைப் பலகையில் எழுத எங்களுக்கு மனமில்லை. திருவிழாவுக்கு வரி தவறியதில்லை நம் ஊர். அம்மனைத் தீர்த்தமாட்டும் ஆறும் அவள் கோயிலைச் சேர்ந்ததுதானே? 2023 வெள்ளத்துக்குப் பிறகு அரசு 12,500 ரூபாய் கொடுத்தபோது வரிசையில் நின்றவர்கள்தான் நாம் எல்லோரும். அதில் ஒரு பங்கை ஆற்றுக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாதா? கப்பலும் கம்பெனியும் செய்ததற்கு நாம் ஏன் பணம் போட வேண்டும் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். வழக்கு முடியும்வரை எண்ணெய் காத்திருக்காது.

பயிற்சி செப்டம்பர் 26, 27, 28. தினமும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை ஏலக்கூடத்துப் பக்கம் குழு உறுப்பினர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். பணமாக முடியாதவர்கள் அரிசி தரலாம், படகு தரலாம், மூன்று நாள் சமையலுக்குக் கை கொடுக்கலாம். பெண்களுக்கென்று பதினைந்து இடம் ஒதுக்கியிருக்கிறோம், இன்னும் நான்கு காலியாக இருக்கிறது. பெயர் கொடுக்க அந்த மேசைக்கே வரவும்.

இப்படிக்கு,
பயிற்சிக் குழுவினர்
எண்ணூர் கழிமுகக் கரை