வளையம் ஏறும் முன்பே தோற்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைக் குத்துச்சண்டையில் யார் வென்றார், கேடயம் யாருக்கு என்று போடுகிறீர்கள், சரி. ஏறும் முன்பே தோற்றுவிடுகிற பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு, எதிரே வருபவன் போன வருடச் சாம்பியன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், கையில் துணிப்பட்டி சுற்றும்போதே விரல் நடுங்கி மூன்று தடவை அவிழ்த்துச் சுற்றினான், மணி அடித்ததும் மூச்சை அடக்கிக்கொண்டே ஆடினான், முதல் சுற்று முடிய முன்பே கை தூக்க முடியவில்லை. பயிற்றுநர் "பயப்படாதே" என்று கத்துகிறார். கத்தினால் பயம் போய்விடுமா? நெஞ்சு படபடப்பது உடம்பு சண்டைக்குத் தயாராவதுதான். மூச்சை நீட்டி விடு, எதிராளியின் பெயரை மறந்து அவன் நெஞ்சைப் பார், முதல் முப்பது செக்கனுக்கு ஜாப் (முன்கையால் நேராகக் குத்தும் விரைவான குத்து) மட்டும் போடு என்று ஒரு வேலையைக் கொடுத்திருக்கலாம்.

1990 பெப்ரவரியில் டோக்கியோவில், அதுவரை தோற்காத உலகச் சாம்பியன் மைக் டைசனை பஸ்டர் டக்ளஸ் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். டக்ளஸின் தாய் இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டாம் சுற்றில் விழுந்தவர் எழும்பி, திரும்பவும் அதே ஜாப்!

பயிற்சியில் உயரமானவன், இடக்கைக்காரன், வேறு பாடசாலைப் பிள்ளை என்று மாற்றி மாற்றி ஆடவிடுங்கள். அப்புறம், தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவனை மனத்துணிவு என்று சொல்லி மறுபடி ஏற்றாதீர்கள்; அது வேறு கதை.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை